மணி நிற்பதற்குள்

இருபது ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள், பிறகு மூன்று முறை சட்டமன்றத்துக்கு ஜெயித்தாள். தொகுதிக்கே அவள் ஊசியக்கா. மந்திரி பதவி அவளுக்குத்தான் என்று அன்று காலையில்தான் முடிவாகியிருந்தது.

அதற்கு முன் நம்பிக்கை வாக்கெடுப்பில் கட்சி ஜெயித்தாக வேண்டும். ஓர் ஓட்டுக் குறைந்தாலும் ஆட்சி கவிழும். அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மூத்த உறுப்பினரைச் சக்கர நாற்காலியில் சட்டமன்றத்துக்குள் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தினார்கள். மணி அடிக்கத் தொடங்கியது. அது நின்றதும் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். எண்ணி முடியும்வரை யாரும் வெளியே போக முடியாது.

கிழவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் மணிக்கட்டை அவள் பிடித்துப் பார்த்தாள். நாடி நூலாக ஓடியது.

“அரை மணி நேரந்தான்க்கா, தாங்குவாரு,” என்றார் கட்சிக் கொறடா.

“பத்து நிமிஷம் தாங்க மாட்டாரு. வழிய விடுங்க.”

“உங்க மந்திரி பதவியும் போயிடும்க்கா!”

“ஓட்டுப் போட்டுட்டே சாகறேம்மா,” என்று முனகினார் கிழவர்.

“அத இன்னொரு நாள் வெச்சுக்கலாம்யா,” என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவைப் பூட்டினார்கள்.

ஆட்சி கவிழ்ந்தது. கட்சி அவளுக்கு மறுபடி சீட்டுத் தரவில்லை. கிழவர் பிழைத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனபோதும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“அங்கேயே செத்திருந்தா எனக்குச் சிலை வெச்சிருப்பாங்க. கெடுத்துட்டியே!”

“சிலை மாத்திரை முழுங்காதுய்யா. வாயத் திறங்க.”