மூன்று நாளைக்கு ஒரு பண்டம்

வேலூருக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே ஓடுகிற ஒரு தனியார் பேருந்தில் நான் கண்டக்டர். பதினான்கு வருடமாக அதே தடம். முப்பத்தெட்டாவது வயதில் எனக்குப் பெருங்குடலில் அழற்சி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். சில மாதங்கள் ஒன்றும் இருக்காது. பிறகு ஒருநாள் காலையில் வயிறு முறுக்கும்; ரத்தமும் சளியுமாகப் போகும். அன்றிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை ஓட வேண்டியிருக்கும். நான் வேலை செய்கிற இடமோ ஓடிக்கொண்டே இருப்பது.

வேலூரை விட்டால் பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி, அப்புறம் திருப்பத்தூர். எந்த ஊர்க் கழிப்பறை எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த பெட்ரோல் பங்கில் கேட்டால் முகம் சுளிக்காமல் உள்ளே விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். டிரைவருக்கும் தெரியும். அவர் ஆம்பூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். நான் வாய்விட்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டிவிடுவார்.

முதல் சில தடவை பயணிகள் சத்தம் போட்டார்கள். ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் கேட்டில் பேச்சு வாங்க வேண்டும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாய் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நான் இறங்கி ஓடியதும் அவரும் இறங்குவார். வண்டியின் முன்பக்க மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு தண்ணீர் கேனோடு நிற்பார். "வண்டி ஹீட் ஆவுதுமா, அஞ்சு நிமிசம்" என்பார். நான் திரும்பி வருவதைப் பார்த்ததும் மூடியைச் சாத்துவார்.

அந்தப் பொய் ஒரு மாதத்துக்குள் முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னார். மெக்கானிக் இரண்டு நாள் பார்த்துவிட்டு வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். முதலாளி பாயைக் கூப்பிட்டுக் கேட்டார். பாயோ, "ஹீட் ஆவுதுங்க, வெயில்ல ஜாஸ்தி ஆவுது" என்று ஒரே பிடியாக நின்றார். மறுபடியும் வண்டியை அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் அலுவலகத்துக்குப் போனேன். என் வயிற்றைப் பற்றி முதலாளியிடம் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கணக்கு நோட்டை மூடிவைத்தார். "எத்தினி நாளா?"

"ஒன்றரை வருசமா வருது, போவுதுங்க."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"மாத்திர குடுத்துகிறாரு. எந்த சாப்பாடு ஒத்துக்கலன்னு பாக்கச் சொன்னாரு."

"பாத்தியா?"

பார்க்கவில்லை. உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஐந்து மாதமாகப் பர்சில் கிடந்தது. அதை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"முடியாத அன்னிக்குக் காலைலயே போன் பண்ணு, வேற ஆள போடறேன். நல்லா கீற வண்டிய எதுக்குய்யா கழட்ட வெச்சீங்க?"

அந்த வாரமே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உணவு ஆலோசகர் சின்ன வயதுப் பெண். சாப்பாட்டால் இந்த நோய் குணமாகாது, தொந்தரவு குறையலாம், மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு ஒரு பட்டியல் எழுதினார். குழைந்த சோறு, சுரைக்காய், கேரட், தோல் உரித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, வாழைப்பழம். இரண்டு வாரத்துக்கு இவை மட்டும். அதன்பிறகு மூன்று நாளைக்கு ஒரு பண்டமாகச் சேர்க்க வேண்டும். சாப்பிட்டதையும் வயிறு செய்ததையும் நோட்டில் எழுத வேண்டும். "ஒரே நேரத்துல ரெண்ட சேர்க்காதீங்க. அப்புறம் எதுன்னு தெரியாம போயிடும்" என்றார்.

என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. "எல்லாம் பாயோட துன்ற அந்த ஆம்பூர் பிரியாணியாலதான்" என்றாள். இதைப் பாயிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனது.

"பிரியாணி மேல பழி போடாத. எங்க ஊர்ல எல்லாரும்தான் துன்றாங்க."

மதியம் திருப்பத்தூர் ஸ்டாண்டில் முன்பெல்லாம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடப் போவோம். அந்த இரண்டு வாரமும் நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். சுரைக்காயும் சோறும் தினமும் ஒரே மாதிரி இருந்தன. பசி தீர்ந்தது, வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. பாய் ஓட்டலுக்குப் போய் அவசரமாகத் தின்றுவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார். நான் தின்பதைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

பத்தாவது நாள் ரத்தம் நின்றது. மூன்று முறை போனால் அதிகம். மாத்திரையாலா, சாப்பாட்டாலா என்று எனக்குத் தெரியாது. டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் முடிந்ததும் எனக்குப் பயம் வந்தது. நான் எதிர்பாராதது அது. பட்டியலில் இருந்தவற்றோடு நான் பத்திரமாக இருந்தேன். எதைச் சேர்த்தாலும் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றியது. மனைவியும் "இப்டியே இருந்தா இன்னா? நல்லாத்தான கீது?" என்றாள். நான்காவது வாரமும் சுரைக்காயிலேயே இருந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். ஆலோசகர் என்னை எடை பார்த்தார். நான்கு கிலோ குறைந்திருந்தேன்.

"இது ரெண்டு வாரத்துக்குன்னுதானே சொன்னேன்? சாப்பாட்ட ஒரேயடியா விட வைக்கறது எங்க நோக்கம் இல்ல. எதெல்லாம் ஒத்துக்குதோ அதையெல்லாம் திரும்பச் சாப்பிடணும்" என்றார்.

அன்று இரவுச் சோற்றில் பாசிப்பருப்பு சேர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்து சப்பாத்தி; ஒன்றும் ஆகவில்லை. மிளகாய் கொஞ்சம் எரிந்தது, ஆனால் ஓட வைக்கவில்லை. கறியின் முறை வந்தபோது பாய் வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தார்.

"மொளகா இல்ல, எண்ண இல்ல. உப்பும் மஞ்சளும் போட்டு வேவ வெச்சது. துன்னுட்டு அப்பறம் பேசு."

தின்றேன். வெறும் தண்ணீரில் வெந்த ருசிதான் இருந்தது. "உப்பு கம்மி பாய்" என்றேன். மூன்று நாள் அவர் காலையில் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் வயிற்றை விசாரித்தார். மூன்றாம் நாள் நான் நன்றாக இருப்பதாகச் சொன்னபோது, தன் மேல் போட்ட வழக்கு தள்ளுபடியானது போலச் சிரித்தார்.

பாலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதன்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்பதுதான் காரணம். வார விடுமுறை நாளில் சாயங்காலம் வீட்டில் ஒரு டம்ளர் டீ குடித்தேன். விடிவதற்குள் நான்கு முறை. இரண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை குடித்துப் பார்த்தேன். அதே கதி.

நான் ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவன். வயிறு கெட்டிருக்கும் நாளில் சோறு வேண்டாம், லைட்டாக இருக்கட்டும் என்று டீயும் பன்னுமாகவே ஓட்டியிருக்கிறேன். ஒன்றரை வருடம் அதைச் செய்திருக்கிறேன். கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அடங்கிவிட்டது.

டீயை விட்டதும் நோய் போய்விடவில்லை. எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. பால் ஒரு சொட்டும் தொடவில்லை, மாத்திரையும் தவறவில்லை, ஆனாலும் வந்தது. முதலாளிக்குக் காலையிலேயே போன் செய்தேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஒன்பது நாள் வீட்டில் படுத்துக்கிடந்தேன். நான் கேட்காமலேயே மனைவி பழைய பட்டியலை எடுத்துப் பார்த்துச் சுரைக்காய் வாங்கிவந்தாள். இந்த முறை ஓட்டம் ஐந்தைத் தாண்டவில்லை; முன்பைவிடச் சீக்கிரம் எழுந்துவிட்டேன்.

அதன்பிறகு நோட்டைக் காட்டப் போனபோது, ஆலோசகர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "மாம்பழம் சாப்பிட்டுப் பாக்கலையா?" என்று கேட்டார். சீசன் இல்லாததால் அதை எழுதவே மறந்திருந்தேன். சித்திரையில் வாலாஜாபேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பங்கனபள்ளி வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மனைவி ஒன்றை நறுக்கி அரைப் பழத்தை என் தட்டில் வைத்தாள். மிச்சத்தை அவள் கொட்டை வரைக்கும் சப்பித் தின்றாள். புதன்கிழமை வரை வயிறு சும்மா இருந்தது. நோட்டில் 'மாம்பழம், அரை, சரி' என்று எழுதினேன்.