சகுன்லால் எந்தப் பாலத்தில் செத்தார்?

நேபாளத்தின் தராய்ச் சமவெளியில், கெருவா ஆற்றின் இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தளபதி சகுன்லால் ஒற்றை ஆளாகப் பாலத்தில் நின்று இருபது சிப்பாய்களை மறித்தார், ஏழு குண்டு வாங்கியும் முழக்கம் போட்டார், எட்டாவது குண்டுக்குத்தான் விழுந்தார். குடிக்கிற அரிசிக் கள்ளு ஒரு கிண்ணம் கூடினால் சிப்பாய்களும் பத்துப் பேர் கூடுவார்கள். போன தை மாத மாகிப் பண்டிகையில் கணக்கு அறுபதைத் தாண்டியது. நடந்தது வேறு. அது அவர் மனைவி ஜக்ரானிக்குத்தான் தெரியும். கேட்க வேண்டுமானால் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும்.

அரிவாளைக் காலடியில் மிதித்துக்கொண்டு குழம்புக்கு நத்தைகளின் வால் நுனியை நறுக்கிக்கொண்டிருப்பாள். நோட்டுப் புத்தகத்தோடு யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“எழுத வந்தியா, திங்க வந்தியா?”

எழுதி முடித்தால் அடுத்தது: “படிச்சுக் காட்டு.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நிருபர் அந்தத் தைரியத்தில் எழுதியது ஒன்று, படித்துக் காட்டியது வேறொன்று. பேப்பரில் வந்தது: ‘கண்ணீர் வற்றிய விழிகளோடு.’ டீக்கடையில் யாரோ வாசித்துச் சொன்னதும் கத்தினாள்: “அடப்பாவி, அன்னிக்கு எனக்குக் கண் வலிடா!” அதிலிருந்து நோட்டைப் பிடுங்கி ஜீப் டிரைவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். இப்போதெல்லாம் நிருபர்கள் டிரைவரை ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள்.

படம் எடுக்க வருகிறவர்களோடு இன்னொரு மல்லுக்கட்டு. புருஷன் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்க்கச் சொல்வார்கள்.

“ஆத்தை ஏன் பார்க்கணும் தம்பி? அவரை ஏத்திட்டுப் போன ஜீப்பு ரோட்டுப் பக்கமா இல்ல போச்சு!”

அரசுப் படைக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் போர் நடந்த காலம், அறுவடைக்கு முன்னால், உச்சிவெயில். வாய்க்காலில் வலை வீசிக்கொண்டிருந்த சகுன்லாலைச் சிப்பாய்கள் பிடித்து, வலைக்கயிற்றாலேயே கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். ஜக்ரானி ரோட்டு வளைவு வரைக்கும் பின்னால் ஓடினாள். ராணுவ முகாமில் கேட்டதற்கு, “அப்படி யாரையும் நாங்க கொண்டாரவே இல்லை” என்றார்கள். நாலாம் நாள் ரேடியோ சொன்னது: ஆயுதங்களுடன் வந்த பயங்கரவாதி மோதலில் பலி. உடலையும் காட்டவில்லை, ஆயுதத்தையும் காட்டவில்லை. போர் முடிந்ததும் கிளர்ச்சிக்காரர்களின் கட்சி அவருக்கு மேடை போட்டது. பயங்கரவாதி தளபதியாகிவிட்டார்.

“அவுங்களுக்கும் அவரைச் சண்டைக்கு அனுப்பணும், இவுங்களுக்கும் சண்டைக்கு அனுப்பணும். ஆளு எங்கேன்னு கேட்க மட்டும் ஒரு நாதி இல்ல” என்பாள்.

காணாமல் போனவர்களுக்கான விசாரணை ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறாள். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் பேனாவைத் திறந்து, “புருஷன் பேரு?” என்று முதலிலிருந்து தொடங்குவார்கள். “போன தடவை சொன்ன அதே பேருதான் ஐயா, மாத்தல” என்பாள்.

இந்தத் தொல்லை போதாதென்று ஊர் நுழைவில் தியாகி வளைவு எழும்பியது. தியாகி ஊர் என்றால் தார்ச்சாலை வரும். தியாகிப் பத்திரத்தில் ஜக்ரானி கைநாட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்த்தலைவர் கங்காராம் மூன்று தடவை வந்தார்.

“அண்ணி, ஒரு கட்டைவிரல்தானே. மழைக்காலத்துல பிள்ளைத்தாச்சியைக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போறோம், பார்க்கறீங்கல்ல?”

அது அவளைக் குத்தத்தான் செய்தது. நத்தையைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு ஆணையத்துக்குப் போய் விசாரித்தாள். சண்டையில் செத்தவர் காணாமல் போனவர் ஆகமாட்டார், மனுவை மூடிவிடுவோம் என்றார் எழுத்தர்.

“அப்ப ஏத்திட்டுப் போனவங்க?”

“அவுங்களை யாரும் கேட்க முடியாதும்மா.”

திரும்பி வந்து கங்காராமிடம் சொன்னாள்: “ரோடு போடறது சர்க்காரோட வேலை கங்கா. அதுக்கு எங்க வீட்டு ஆளு எதுக்குச் சாகணும்?”

ஆனாலும் விழாவுக்குப் போனாள். கழுத்தில் சாமந்தி மாலை, முன்வரிசை நாற்காலி. கட்சியின் மாவட்டத் தலைவர் பத்திரத்தை நீட்டினார். மைப்பெட்டியும் வந்தது.

“படிச்சுக் காட்டுங்க.”

தலைவர் சிரித்துக்கொண்டே மைக்கில் படித்தார்: “பாலத்தில் நடந்த வீரச் சமரில்...”

“எந்தப் பாலம்?”

“நம்ம ஆத்துப் பாலந்தாம்மா.”

“அதைக் கட்டினதே சண்டை ஓய்ஞ்சு ஆறு வருஷம் கழிச்சு. அஸ்திவாரத்துக்குக் கல்லு சுமந்தவ நான்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கங்காராம் தலையில் கை வைத்துக்கொண்டார். “அம்மா, எல்லாம் அவரோட பெருமைக்குத்தானே...” என்று தலைவர் இழுத்தார். ஜக்ரானி மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“தளபதியும் இல்ல, பயங்கரவாதியும் இல்ல. எங்க வீட்டு வாத்து துரத்தினாலே வேலி தாண்டி ஓடற மனுசன். எந்தச் சண்டையிலயும் நிக்கல. கையைக் கட்டி ஜீப்புல ஏத்தினாங்க, நான் பார்த்தேன். எங்க இறக்கினாங்க? அதை எழுதிட்டு வாங்க. ஒரு விரல் என்ன, பத்து விரலையும் வைக்கிறேன்.”