வசவும் உபசாரமும்

கண்ணாடிக்காரரை எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடை என்று பெயர்தான். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். சட்டத்தைச் சூடு காட்டி வளைத்து, நம் காதுக்குப் பின்னால் விரல் வைத்து, அழுத்துகிறதா என்று கேட்பார். இல்லை என்றால் நம்பமாட்டார். நம் முகத்தைப் பார்த்து அவரே முடிவு செய்துகொள்வார். கடை நேரம் போக மிச்ச நேரத்தில் நாடகம் எழுதுவார். அதை நடிக்க நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் பகலில் வேறு பிழைப்பு. நான் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கூட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை பழகிவிட்டதால்தான் எனக்குக் கதாநாயகி வேஷம் கிடைத்தது என்று மற்றவர்கள் வாருவார்கள்.

இந்த வருட நாடகம் சோகம். நோயில் கிடக்கும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவன் தள்ளிப்போடுகிறான். குழந்தை இறந்துபோகிறது. அதற்கு முன்வரை கணவனும் மனைவியும் ஓயாமல் திட்டிக்கொள்கிறார்கள். "குடையை மறந்துட்டு நனைஞ்சு வந்து நிக்குது பார், தடிமாடு" என்று சொல்லிக்கொண்டே அவள் அவன் தலையைத் துவட்டுகிறாள். குழந்தை போன பிறகு ஒரு வசவுகூடக் கிடையாது. எல்லாம் உபசாரம். "உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்க", "ரொம்ப நன்றி" என்று பேசிப் பேசியே அவனைக் கொல்கிறாள். கடைசியில், ஒரு தடவையாவது என்னைத் திட்டு என்று அவன் காலில் விழுகிறான். "களைச்சுப் போயிருப்பீங்க, படுங்க" என்று அவள் விளக்கை அணைக்கிறாள். மறுநாள் அவன் எழுந்திருப்பதில்லை.

முன்பாதி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பின்பாதிதான் வரவில்லை. நன்றி என்பதையே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். விஷம் வேண்டாம், நிஜமாகவே மரியாதையாகப் பேசுங்கள் என்றார் கண்ணாடிக்காரர். பேசினேன், வெறும் மரியாதையாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வெறுப்பு இருக்க வேண்டும், ஆனால் தெரியக் கூடாது என்றால் மனுஷி என்னதான் செய்வாள் என்று கேட்டேன்.  உடைக்கு அளவெடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் என்றார் அவர். எங்கள் உடைகளையெல்லாம் தைத்துத் தருவது அவர் மனைவி. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம்.

போனேன். இரண்டே அறைகள், ஒரு தூசு கிடையாது. அக்கா அளவெடுத்தார், சாப்பிட உட்கார வைத்தார். கணவர் கேட்பதற்கு முன்பே தண்ணீர் வந்தது, கை துடைக்கத் துண்டு வந்தது. "சூடா இருக்கு, மெதுவா சாப்பிடுங்க" என்றார் அக்கா. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று அவர் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்றார். குரல் ஒருமுறைகூட உயரவில்லை. என் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் தலையணைக்குக்கூடச் சண்டை போடுகிறவர்கள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. பேருந்து நிறுத்தம் வரை கூட வந்த கண்ணாடிக்காரரிடம், அக்கா உங்களை எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிறார் என்றேன்.

"பார்த்தீங்க இல்லையா? அப்படியே பேசுங்கம்மா" என்றார். "பின்பாதிக்கு அதுதான் வேணும்."

 பேருந்து வருவதற்குள் மீதியையும் சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாடகத்தில் அக்காதான் கதாநாயகி. அரங்கேறும் நாள் காலையில், ஒரு பகல் பயணத் தொலைவிலுள்ள ஊரில் அக்காவின் அப்பா சாகக் கிடக்கிறார் என்று செய்தி வந்திருக்கிறது. நாடகத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று இவர் நிறுத்திவிட்டார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதுவரை அக்கா வாயைத் திறந்தால் தெருவுக்கே கேட்குமாம். திட்டுகிறவர்கள் நம்மிடம் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறார்கள், அக்காவுக்கு இனி இவரிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்றார். மன்னிப்பு கேட்டீர்களா என்றேன். கேட்டபோதெல்லாம் பரவாயில்லை என்ற பதில்தான் வந்ததாம்.

அடுத்த ஒத்திகைக்கு அக்கா உடைகளோடு வந்து ஓரமாக உட்கார்ந்து பொத்தான் தைக்க ஆரம்பித்தார். அவர் எதிரில் அந்த வசனத்தைப் பேச எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது அவர் குரல்தான். "உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்க" என்றேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா தைப்பதை நிறுத்திவிட்டார். காட்சி முடிந்ததும் எழுந்து நேராகக் கண்ணாடிக்காரரிடம் போனார். நாடகமும் போச்சு, குடும்பமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா உயிர் போனது அன்னைக்கு மத்தியானம்" என்றார் அக்கா. "நீங்க விட்டிருந்தாலும் நான் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அங்க போனதுமே சொன்னாங்க."

 "இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லலையே" என்றார் கண்ணாடிக்காரர்.

"எதுக்குச் சொல்லணும்? போயிட்டு வான்னு ஒரு வார்த்தை உன் வாயில வந்துச்சா? எங்கப்பா சாகக் கிடக்கிறார், உனக்கு நாடகம் பெருசாப் போச்சு. மனுஷனா நீ? இப்ப அதையே எழுதி, இந்தப் பொண்ணு வாயில போட்டு, என்னையே உடையும் தைக்க வெச்சிருக்கே."

கூடம் அதிர்ந்தது. எங்களில் ஒருவர் சமாதானம் சொல்லப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். கண்ணாடிக்காரர் அசையாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கண்ணீர் தாடை வரை வழிந்தது, துடைக்கவில்லை. அக்கா மூச்சு வாங்க நிறுத்தினார்.

"இன்னும் சொல்லு" என்றார் அவர்.

நாங்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவிக் கதவைச் சாத்தினோம். அக்கா சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.