ஒத்தீலியா அத்தை வீட்டுக் கண்ணாடி

ஒத்தீலியா அத்தை இருபத்தாறு வருஷமாக எங்கள் ஊர் வாகெச்சூலாவில் சோள மில் நடத்துகிறாள். விடியும்போதே ஊர்ப் பெண்கள் சுண்ணாம்பு போட்டு வேகவைத்த சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வாளியின் கனத்தைப் பார்த்தே யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யார் வீட்டில் கோபித்துக்கொண்டு போன மருமகள் திரும்பியிருக்கிறாள் என்று சொல்லிவிடுவாள்.

அவள் கணவர் எவாரிஸ்தோ மாமா அதிகம் பேசாதவர். ஊர் பேண்டில் டூபா ஊதுவார். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டால் வாயையும் மூடிவிடுவார். "எனக்கும் சேத்து அவ பேசிடுறா" என்பார் யாராவது கேட்டால். போன மார்ச்சில் மாரடைப்பில் போய்விட்டார்.

நவம்பர் பிறந்தால் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோவார்கள் என்பது நம்பிக்கை. எங்கள் ஊரில் ஒருவர் இறந்த பிறகு வருகிற முதல் நவம்பரில் மட்டும்தான் கூரை வரை மூன்றடுக்கு வெள்ளைப் பீடம் கட்டுவோம். அடுத்த வருஷம் முதல் சின்ன மேசைதான். பீடத்தின் கீழடுக்கில் அவர் படம் நமக்கு முதுகைக் காட்டி இருக்கும், எதிரே ஒரு கண்ணாடி. முகத்தை அதில்தான் பார்க்கலாம். வேறு உலகத்துக்குப் போனவரை நேருக்கு நேர் பார்க்க நமக்கு உரிமை இல்லை. முதல் தேதி மதியம் இரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் கதவு திறக்கும். யார் வந்தாலும் உள்ளே அழைத்துச் சாப்பாடு போட வேண்டும்.

அந்தச் சாப்பாட்டுக்காக அத்தை ஏப்ரலிலேயே வான்கோழி வளர்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆறு வருஷம் கப்பல் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு அக்டோபரில் நான் ஊர் திரும்பினேன். அத்தையைப் பார்க்கப் போன அன்று மில் வாசலில் ருபேன் என்று ஒருவன் நின்றிருந்தான். ஏதோ குளிர்பானக் கம்பெனிக்காரன், இஸ்திரி கலையாத சட்டை.

"பீடத்துக்குத் துணி, பூ, கூலி எல்லாம் எங்க பொறுப்பு மேடம். நடு அடுக்குல எங்க பாட்டில் வரிசையா நிக்கணும், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் போட்டோவை முன்பக்கமா திருப்பிடுவோம். நாங்க போடற நேரலையில முகம் தெரியணுமில்ல?"

"ஏம்ப்பா, உங்கப்பா போனா அவர் தலைமாட்டுலயும் பாட்டில் அடுக்குவியா?"

"சார் எங்க சோடாதான் குடிப்பாருன்னு கேள்விப்பட்டேனே!"

"குடிப்பாரு. தினம் ஒண்ணு குடிச்சிட்டுத் தெரு கேக்க ஏப்பம் விடுவாரு. அதனால ஒண்ணு வெப்பேன். கடையில நானே வாங்கி வெப்பேன்."

வாளியோடு நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ருபேன் முகம் சிவந்தது. "உங்க வழக்கப்படி கதவு எல்லாருக்கும் திறந்திருக்குமாமே? டூரிஸ்ட் நாப்பது பேரைக் கூட்டிட்டு வரேன். விரட்டவா போறீங்க?"

அத்தை அடுத்த வாளியை வாங்கி மில்லில் கொட்டினாள். அவன் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "அவன் சொல்றது நிசந்தான்டி. விரட்டினா எவாரிஸ்தோ வீட்டுல சாப்பாடு இல்லேன்னு ஆயிடும். விட்டா அவரையே விளம்பரப் பலகையா ஆக்கிடுவான். இந்த ஒரு தடவைதான் எனக்கு இருக்கு."

முதல் தேதி வந்தது. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும். அத்தை அடுப்பில் மோலே குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பார்க்கிறேன் என்று ருபேனின் கேமராக்காரன் கொல்லைப்புறமாக உள்ளே வந்தவன், மாமாவின் படத்தை முன்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் அத்தை கரண்டியோடு ஓடி வந்தாள். பார்த்த மாத்திரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்படியே நடந்தாள். தரையெல்லாம் செண்டுமல்லி இதழ், பீங்கான் பொம்மைகள், எரிகிற மெழுகுவத்திகள். ஒன்றையும் தட்டவில்லை. சட்டத்தைத் தடவிப் பார்த்துத் திருப்பி வைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"தம்பி, சும்மா நிக்காத. அந்த ரொட்டிக் கூடையைத் தூக்கு" என்றாள் கேமராக்காரனிடம். திட்டு விழும் என்று நின்றவன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடையைத் தூக்கினான்.

மணி அடித்தது. கையில் கம்பெனிப் பட்டை கட்டிய நாற்பது பேர், நாற்பது செல்போன்களை உயர்த்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். அத்தை கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க, வாங்க! ஆளுக்கு ஒரு மெழுகுவத்தி. ஒரு கையால பிடிங்க, இன்னொரு கையால காத்துக்கு மறைங்க. அணைஞ்சா அவருக்கு வழி தெரியாது."

நான் அவர்கள் பாஷையில் சொன்னேன். செல்போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. மெழுகுவத்தியைப் பீடத்தடியில் வைத்ததும் ஒரு கையில் மோலே தட்டு, இன்னொரு கையில் சூடான சாக்லேட் கோப்பை.

"மேடம், நேரலை…" என்றான் ருபேன், தட்டோடு.

"அதுக்கு ஒரு கை வேணுமே ராசா. முதல்ல சாப்பிடு."

குனிந்தால்தான் மாமா முகம் தெரியும். எல்லோரும் குனிந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அப்படியே குனிந்து நின்று, இவர் யார், என்ன செய்தார் என்று என்னைக் கேட்டாள். அத்தை சொல்ல ஆரம்பித்தாள். டூபா, பெண் பார்க்க வந்த அன்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது, அந்த ஏப்பம் வரை. நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க நாற்பது பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். உலகத்தில் எத்தனையோ துறைமுகங்களில் இறங்கியிருக்கிறேன். இவள் என் அத்தை என்று சொல்லிக்கொள்ள அன்று பட்ட பெருமையை வேறெங்கும் பட்டதில்லை.

நடுவில் ருபேனின் செல்போன் அடித்தது. கம்பெனியிலிருந்து. மோலே விரலை நக்கிவிட்டு எடுத்தான்.

"இல்ல சார், நேரலை இல்ல. துக்க வீட்டுல இருக்கேன், சாப்பிட்டுட்டு இருக்கேன். அப்புறம் பேசறேன்."