அறுக்கும் கீரை, பிடுங்கும் கீரை

காலை 5.20. ஐப்பசியின் முதல் ஞாயிறு. நூம்பலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியிலிருந்து புறப்பட்டேன். போக வேண்டிய தூரம் எழுநூறு மீட்டர். இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆறு வருடமாக பால்கனியில் நின்று காபி குடிக்கிறேன். பின்னால் தெரியும் பச்சைச் சதுரத்தில் என்ன விளைகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மென்பொருள் வேலைக்காக மதுரையிலிருந்து வந்தவன் நான். அமெரிக்காவில் இப்போது மணி என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

போன வாரம் பூந்தமல்லி மார்க்கெட்டில் கீரை விற்கும் செல்வியக்காவிடம், எந்த ஊர்க் கீரை என்று கேட்டேன். "நூம்பல் சார். அந்த மஞ்ச கலர் ஃப்ளாட்டு கீதே, அதுக்குப் பின்னாலதான்" என்றார். அந்த மஞ்சள் கட்டடத்தில்தான் குடியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. ஒரு நாள் வயலுக்கு வரட்டுமா என்று நானே வலியக் கேட்டேன்.

5.35. வானம் மூடிக் கிடந்தது. செல்வியக்காவும் அவர் கணவர் ரவியும் எனக்கு முன்பே பாத்தியில் இறங்கியிருந்தார்கள். ரவி அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஞாயிறன்று மட்டும் வயல். நிலம் இவர்களுடையதல்ல, குத்தகை. பொங்கலுக்குப் பிறகு உரிமையாளர் மனை பிரிக்கப் போகிறார்.

"அதுவரிக்கும் இந்தக் கீரைய வெச்சிதான் சார் ஊட்ட ஓட்டணும்" என்றார் செல்வியக்கா. "இப்ப புதுசா வெதச்சா மழ அடிச்சிகினு பூடும். கீறத காப்பாத்திக்கினா போதும்."

என்னைச் சிறுகீரைப் பாத்தியில் விட்டு, வேரோடு பிடுங்கி மண்ணை உதறச் சொன்னார்கள். ஈர மண்ணில் செடி சுலபமாக வந்தது. அவர்கள் இருவரும் கிணற்றடியில் கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் என் பாத்தி காலி. சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பக்கத்துப் பாத்திகளுக்குத் தாவினேன். இலை சிறுகீரை போலவேதான் இருந்தது. வேர் மட்டும் கொஞ்சம் அழுத்தம் கேட்டது. விடுவேனா?

6.25. "யோவ்! இன்னா பண்ணிக்கீற?" ரவியின் குரலில் சார் காணாமல் போயிருந்தது.

நான் பிடுங்கியது அரைக்கீரை. அது பிடுங்குகிற கீரையே இல்லை. நாலு விரல் தண்டு விட்டு அறுத்தால் பதினைந்து, பதினெட்டு நாளில் மறுபடி தழைக்கும். அப்படி அறுத்து அறுத்துத்தான் பொங்கல் வரை இவர்கள் சமாளிக்க வேண்டும். இரண்டு பாத்தியை வேரோடு படுக்க வைத்திருந்தேன்.

செல்வியக்கா திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு செடியை எடுத்துப் பார்த்தார். கத்தியால் மேலே இருந்த கீரையை நறுக்கிக் கட்டுக்குப் போட்டார். வேரோடு நின்ற நாலு விரல் தண்டை என் கையில் கொடுத்தார்.

"திருப்பி நடு சார்."

"சொம்மா வேல. புடிக்காது" என்றார் ரவி.

"மழ வருதுல்ல? புடிச்சாலும் புடிக்கும்."

அவர்கள் நறுக்க நறுக்க நான் நட்டேன். முட்டி வரை சேறு. ஏழே காலுக்கு முதல் தூறல் விழுந்தது. மழை வந்தால் துணி காயாதே என்று முனகுகிற ஆள் நான். அன்று அண்ணாந்து பார்த்து, நல்லா பெய், ஆனால் அடித்துக்கொண்டு மட்டும் போய்விடாதே என்று கெஞ்சினேன்.

7.50. வேலப்பன்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோ. பூந்தமல்லிக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும், ஆளுக்கு இருபது ரூபாய். கீரை மூட்டைக்குத் தனியாக இருபது. ஓட்டுநர் என் பேண்ட்டைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, பள்ளத்துல உய்ந்துட்டியா?"

"நம்ம வயல்ல வேல செஞ்சாரு" என்றார் செல்வியக்கா. செய்த வேலை என்ன என்று சொல்லவில்லை. கரையான்சாவடியில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டி அரை மணி நேரம் நின்றது. கீரை வாடிவிடுமே என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கவலைப்பட்டேன்.

8.40. மார்க்கெட் வாசலில் சாக்கு விரித்தோம். ஒரு பக்கம் பூசணியும் சர்க்கரைவள்ளியும், ஒரு பக்கம் மழைக்கு முந்திய கடைசி வெண்டை. சிறுகீரைக் கட்டு பத்து, அரைக்கீரை பதினைந்து. கையில் கார் சாவியோடு வந்த ஒருவர், "ரெண்டு இருபத்தஞ்சுக்குக் குடும்மா" என்றார். போன வாரம் நான் கேட்டதும் அதே விலைதான். தலையைக் குனிந்துகொண்டேன். பத்தரைக்கு மூட்டை காலி.

அதன் பிறகு தினமும் காலையில் பால்கனியிலிருந்து அந்த இரண்டு பாத்திகளைப் பார்த்தேன். முதல் வாரம் வெறும் மண். இரண்டு நாள் கனமழையில் அதுவும் தெரியவில்லை, தண்ணீர்தான். பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

இருபத்தோராம் நாள், மறுபடி ஒரு ஞாயிறு. 5.30க்கு வரப்பில் போய் நின்றேன். என் பாத்திகள் அம்மை வார்த்த முகமாக இருந்தன, அங்கங்கே சொட்டை. ஆனால் பாதிக்கு மேல் பச்சை. ரவி என்னைப் பார்த்துச் சிரிக்காமல் சொன்னார்: "தப்பிச்ச நைனா."

செல்வியக்கா கத்தியை என்னிடம் நீட்டினார். நீட்டிவிட்டு நகரவில்லை, என் கையையே பார்த்தபடி பக்கத்தில் நின்றார்.

"பொங்கலுக்குள்ள இன்னும் நாலு அறுப்பு வரும் சார். வேர மட்டும் தொடாத."

நான்கு விரலைத் தண்டோடு வைத்து அளந்து, அதற்கு மேலே அறுத்தேன்.