வேரின் நீளம்

"போன தடவக்கிப் பொறகு ஊட்டுல பல்லுக்கு ஏதும் செஞ்சீங்களா? ராவினீங்களா, தேய்ச்சீங்களா?"

வாய்க்குள் விளக்கைத் திருப்பியபடி நஸ்மியா டொக்டர் கேட்கிறார். பல்லை யாராவது அரத்தால் ராவுவார்களா என்று கதிரையில் சாய்ந்திருப்பவர் விழிக்கிறார். வங்கி மனேஜரானாலும் பஸ் கண்டக்டரானாலும் இதற்குப் பதில் சொல்லாமல் இங்கே வைத்தியம் நடக்காது. என்னிடமும் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பதுளை பஜாரில் ஒரு பாமசிக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய கிளினிக். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கழுவிக் கழுவித் தோலுரிந்த விரல்கள். பகல் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுவார். யாராவது ஊர்க்கதை பேச ஆரம்பித்தால் வாயில் பஞ்சை வைத்து அடைத்துவிடுவார். எனக்கும் அந்தத் தண்டனை கிடைத்திருக்கிறது.

மேசையில் கைக்கடக்கமாக ஒரு பெட்டி. பெயர் அபெக்ஸ் லொகேட்டர். பல் வேரின் நீளத்தை மின்சாரத்தால் அளப்பது அதன் வேலை. ஒரு வயரை உதட்டில் கொக்கிபோல் மாட்டுவார். மற்றதை வேருக்குள் இறங்கும் மெல்லிய ஊசியில் கவ்வ வைப்பார். ஊசி வேரின் நுனியை நெருங்க நெருங்க, பீப் சத்தம் அவசரப்படும். ரத்தம் நிறைந்தால் பெட்டி தடுமாறும், பழைய வெள்ளி அடைப்பில் ஊசி பட்டால் உளறும். அதெல்லாம் டொக்டருக்கு அத்துப்படி. தினமும் காலையில் இரண்டு வயரையும் முட்டவைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் ஆளைக் கூப்பிடுவார்.

"அர மில்லிமீற்றர் கூடக்கொறையக் காட்டும். அதுக்கு மேல பொய் சொல்லாது" என்பார். மனிதர்களைப் பற்றி அவர் இவ்வளவு நல்லதாகப் பேசி நான் கேட்டதில்லை.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பெட்டி தேவைப்படுவதில்லை. "கழட்டி விட்ருங்க டொக்டரம்மா" என்பதோடு அவர்கள் பேச்சு முடிந்துவிடும். இன்னொரு நாள் வேலையை விட்டு வர அவர்களால் முடியாது. எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடியைக் கத்தியால் கவ்வாத்து வெட்டும் அழகையா மட்டும் கழட்ட வேண்டாம் என்றார். "இடது பக்கம் மெல்லுறதுக்கு இது ஒண்ணுதாங்க இருக்கு. காப்பாத்திக் குடுங்க."

டொக்டருக்கு அது பெருநாள் வந்த மாதிரி இருந்ததாம். பல்லின் மேல் முனையிலிருந்து வேரின் நுனி வரை பெட்டியை வைத்து அளந்தார், எக்ஸ்ரேயிலும் சரி பார்த்தார். தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அந்த வாரத்தில் பல்லின் அந்த மேல் முனை அழகையாவின் நாக்கைக் கீறத் தொடங்கியது. அதற்காக இன்னொரு லீவு கேட்க அவருக்கு மனம் வரவில்லை. கவ்வாத்துக் கத்தி தீட்டும் அரங்களில் சின்னதை எடுத்து, கண்ணாடி பார்த்து, முனையைத் தானே ராவிவிட்டார். கத்தியோடு பிழைப்பு நடத்துகிறவருக்கு அது ஒரு வேலையா? டொக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

மறுபடி வந்தபோது டொக்டர் ஊசியில் அதே நீளத்துக்கு ரப்பர் வளையத்தை நிறுத்தி, வளையம் பல்லின் மேல் முட்டும் வரை உள்ளே இறக்கினார். பெட்டியை எடுக்கவில்லை, அளந்ததுதானே என்ற நம்பிக்கை. அளவு சரிதான். பல்தான் குட்டையாகியிருந்தது. ஊசி வேரைத் தாண்டிக் கீழே போனது. வேரைக் கழுவச் செலுத்திய மருந்தும் அதே வழியில் தாடைக்குள் இறங்கியது.

வலித்தால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார். அழகையா தூக்கவில்லை. கண்ணோரம் தண்ணீர் வழிவதைக் கண்ட பிறகுதான் டொக்டர் நிறுத்தினார். ஏன் தூக்கவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க வேலையா இருந்தீங்களே" என்றாராம். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெரியவர்களின் வேலையை நிறுத்தக் கூடாது என்று அந்தக் கையை இப்படிப் பழக்கி வைத்தது யார்?

முகம் வீங்கி ஒரு கண் மூடிப்போனது. பிறகு வீக்கம் வடிந்தது. ஆனால் பல்லைக் கழட்ட வேண்டியதாயிற்று. கீழுதட்டின் இடது பக்கம் மரத்தது மரத்ததுதான். உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று கொழும்பு நிபுணர் சொல்லிவிட்டார்.

"மெஷின்ல பிழ இல்ல. அந்த மனிசன்லயும் பிழ இல்ல. இன்னொருக்கா அளக்க எனக்கு என்ன கேடு வந்திச்சி?" என்று டொக்டர் என்னிடம் ஒரேயொரு முறை சொன்னார். இப்போது யார் வந்தாலும், எத்தனை தடவை வந்தாலும், புதிதாக அளக்கிறார். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மாதத்துக்கு ஒருமுறை அழகையாவை வரவழைத்து உதட்டைச் சோதிக்கிறார். போன வாரம் நானும் அங்கே இருந்தேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சை நூலாகத் திரித்து வலது பக்கம் தொட்டார்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

இடது பக்கம் தொட்டார். "இப்ப?"

"லேசாத் தெரியுதுங்க. போன மாசத்துக்கு இப்ப நல்லாருக்கு."

டொக்டரின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். ஆனால் இரண்டாம் முறை அளக்காமல் அவரால் இருக்க முடியாது. பஞ்சை உதட்டிலிருந்து எடுத்துக் காற்றில் பிடித்துக்கொண்டு கேட்டார். "இப்ப?"

"இப்பவும் தெரியுதுங்க டொக்டரம்மா" என்றார் அழகையா, கண்ணை இறுக மூடியபடி.

டொக்டர் பஞ்சை மெதுவாக இறக்கி அந்த உதட்டின் மேல் வைத்தார். வைத்த பிறகுதான், கண்ணைத் திறக்கச் சொன்னார்.