பச்சைக் கோடி

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். கோடி என்றால் புதுச்சேலை. அதை உடலின் மேல் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத தம்பிகூட அன்றைக்குச் சேலையும் மேளமுமாக வந்து நிற்பான். என் தோழிக்கு அதை நினைத்தாலே ஆத்திரம் வரும்.

நாங்கள் இருவரும் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் ஸ்டோர், அவள் அக்கவுண்ட்ஸ். மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் முதலில் ஏறுபவள் டிபன் பையைப் போட்டு மற்றவளுக்கு இடம் பிடிப்பாள். அங்கே ஆரம்பிக்கிற பேச்சு கம்பெனி வாசல் வரை ஓயாது. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தது அவள்தான். என் கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

அவள் விரும்பிக் கல்யாணம் பண்ணியவள். தம்பி அன்றோடு அவளைத் தலைமுழுகிவிட்டான். ஒரே ஊர்தான். கடைத்தெருவில் எதிரில் வந்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். அவளுக்கு ஒரு மகள் பிறந்தபோதும் வரவில்லை, புற்றுநோய் என்று தெரிந்தபோதும் வரவில்லை.

நோய் முற்றி வேலையை விட்ட பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள். "ஏப்பா, அவன் சேலை என் மேல விழக் கூடாது. கோடிய நீ போடு."

"வாய மூடுப்பா" என்றேன்.

"பட்டு கிட்டுன்னு எடுத்துராத. பருத்தி எடு, பச்சையில. நமக்கு வேர்க்கும்."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று சொன்னேன்.

போன சித்திரையில் அவள் போய்விட்டாள். காலையில் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். புதிதாக வந்த மேனேஜர், "சொந்தமா மேடம்?" என்றார். தோழி என்றேன். "அப்ப மதியத்துக்குள்ள வந்திருவீங்கல்ல?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். ஜவுளிக்கடை திறக்கும்வரை வாசலில் நின்று, பச்சையில் ஒரு பருத்திச் சேலை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் நாத்தனார்தான் எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் பையைப் பார்த்ததும், "கம்பெனி மாலையாம்மா? அங்கிட்டு வச்சிருங்க" என்றார்.

"மாலை இல்ல. கோடி. நான்தான் போடணும்னு அவ சொல்லியிருந்தா."

அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். "சொல்லியிருப்பாம்மா, இல்லேங்கல. தம்பிக்காரனுக்கு ஆள் அனுப்பியாச்சு, வந்துக்கிட்டிருக்கான். இன்னைக்கு அவன் கோடிய மறிச்சா, நாளைக்கு இந்தப் பிள்ளை கல்யாணத்துல மாமன்னு யாரு வந்து நிப்பா? நீங்க நிக்க முடியுமா?"

நிற்பேன். யார் நிற்க விடுவார்கள்? அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்ச்சண்டையில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தெருவில் மேளச் சத்தம் கேட்டது. "பிறந்த வீடு வந்திருச்சு, வழி விடுங்க" என்றார்கள். எல்லோரும் விலகினார்கள். நானும் விலகினேன். அரக்குக் கலரில் கனமான பட்டு, அகலச் சரிகை. அதைக் கழுத்துவரை போர்த்திவிட்டு அவன் அழுதான். அது பொய் அழுகை என்று எழுத எனக்கு ஆசைதான். அது பொய் இல்லை.

நண்பர்கள் தினத்தன்று என் போனில் பூவும் பொம்மையுமாக வந்து குவிகிறது. மேடை போட்டால் நாடுகளுக்கு நடுவில்கூட நட்பு வேண்டும் என்று பேசுகிறார்கள். ஒரு சாவு வீட்டில் அதற்கு நிற்க ஓர் இடம் கிடையாது. சம்பந்திக்கு இடம் இருக்கிறது, பேசாத தம்பிக்கு இடம் இருக்கிறது. நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். இனி எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். உச்சி வெயில். என் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது. அந்தப் பட்டுக்குள் அவளுக்கு எப்படி வேர்க்கும் என்று நினைத்தேன். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா குனிந்து என் தோளைத் தொட்டார். "இம்புட்டு அழுகுறீகளே, அவுகளுக்கு நீங்க என்ன முறைம்மா?"

"ஒரு முறையும் இல்லம்மா" என்றேன்.